வலியசாலைக்குத் தெரியாமல் ஒரு நாள்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். சிமெண்ட் மூட்டைகள் மேல் போர்த்தியிருந்த கித்தான் நேற்றைய மழையில் நனைந்து, இன்று காலை வெயிலில் காய்கிறது. அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் கூடாரத்தின் வாடை அது. யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாளத்துக் கூடாரத்தை வாங்கி, உங்கள் அப்பா கண்ணில் படாமல் கார் டிக்கியில் ஒளித்து வைத்த மனிதர் நீங்கள். உங்கள் அசட்டுத்தனங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நமக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருநெல்வேலி வீட்டில் பெரியவர்கள் எதிரில் நீங்கள் என்னோடு பேசக் கூடாது. பெரியவர்கள் இல்லாத இடமோ அந்த வீட்டில் கிடையாது. எனக்கு 'வாயில்லாப் பூச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச விட்டால்தானே தெரியும்? கன்னியாகுமரி, சுசீந்திரம் என்று ஸ்வாமி தரிசனத்தைச் சாக்காக வைத்துக் கிளம்பினோம். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடி தாண்டியதும் நீங்கள் காரை ஓரமாக நிறுத்தி, "இப்போ பேசு" என்றீர்கள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாகர்கோவில் போவதற்குள் வந்துவிட்டது, அதற்கப்புறம் நிற்கவில்லை.

கன்னியாகுமரி, சுசீந்திரம் முடித்துத் திருவனந்தபுரம் போய், சங்குமுகம் கடற்கரை ஓரத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு கூடாரம் அடித்தோம். மறுநாள் ஊரைப் பார்த்துவிட்டு, அதற்கடுத்த நாள் பொன்முடிக்கு ஏறுவதாகத் திட்டம். ஒரே ஒரு பயம்தான். உங்கள் அத்தை அந்த ஊரில், வலியசாலை அக்ரகாரத்தில் இருந்தாள். சொந்தம் இருக்கிற ஊரில் வேறு இடத்தில் தங்கினால், உறவை முறித்துக்கொண்டோம் என்று தண்டோரா போட்ட மாதிரி. அத்தை பார்த்துவிட்டால் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியதுதான். மிச்சமிருக்கிற நாளெல்லாம் விருந்து; நீங்கள் கூடத்தில், நான் அடுக்களையில். மறுபடியும் வாயில்லாப் பூச்சி ஆகிவிடுவேனே என்றுதான் எனக்குக் கவலை.

காலையில் பம்ப் ஸ்டவ் எரிய மறுத்தது. வாஷர் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். கூடாரத்துக்குக் கயிறும், கோவிலுக்கு உங்களுக்கு ஒரு முண்டு வேட்டியும் வேண்டியிருந்தது. கடைத்தெருவை ஒட்டினாற்போல வலியசாலை. யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று துண்டைத் தலையிலிருந்து தாடை வரை சுற்றிக்கொண்டீர்கள். கடைக்காரர் பாவம், "எந்தா சாரே, பல்வலியா?" என்று விசாரித்தார். நீங்கள் தலையை ஆட்டி வைக்க, வாஷரோடு ஒரு சீசா கிராம்புத் தைலமும் நம் தலையில் கட்டினார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு மிருகக்காட்சி சாலை. புலி நமக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்கும் வரை நகரமாட்டேன் என்று நின்றேன். நிற்கிற நேரத்தில், பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல் என்றும், டீச்சர் வேலைக்குப் படிக்க ஆசை இருந்தது என்றும் சொன்னேன்.

"இதை எங்கிட்ட யாருமே சொல்லலையே."

"யாரு கேட்டா?" என்றேன்.

அப்புறம் புலி எழுந்திருக்கும் வரை நீங்களும் நகரவில்லை.

சாயங்காலம் பத்மநாபனைச் சேவிக்காமல் ஊரைத் தாண்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். "அத்தைக்கு அவா தெருச் சிவன் கோவிலே போதும், கோட்டைக்குள்ள இருக்கற பத்மநாபன் கோவிலுக்கு வரமாட்டா" என்று நீங்களும் தைரியம் சொன்னீர்கள். அன்றைக்குத் திருவோணம். பஞ்சாங்கம் பார்க்காமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்காத வீட்டுப் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும், சில நாள் கூடாரத்தில் இருந்ததும் பெருமாள் நட்சத்திரத்தையே மறந்துபோனோம். திருவோணத்தன்று வலியசாலை மாமிகள் வேறெங்கே இருப்பார்கள்?

சயனத்தில் இருக்கும் பெருமாளை ஒரே வாசலில் முழுசாகப் பார்க்க முடியாது. முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபி, கடைசி வாசலில் பாதம். பாதத்தைச் சேவித்து நிமிர்ந்தால், பக்கத்தில் அத்தை.

"எப்போடா வந்தே? பெட்டியெல்லாம் எங்கே?"

"சங்குமுகத்துல கூடாரம் போட்டிருக்கோம், அத்தை."

"கூடாரமா? ஏன், நாங்க இங்கே உயிரோட இல்லையா?"

அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். பெரியவர்களுக்குப் பதில் சொல்லி உங்களுக்குப் பழக்கம் இல்லை. மனசுக்குள் நான் கூடாரத்து முளைக்கம்பைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டேன்.

"இவளோட பேசணும், அத்தை" என்றீர்கள்.

"பேசறதுக்குக் கூடாரம் வேணுமா?"

"எங்காத்துல வேணும்."

அத்தை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ பேசுவாளா?"

"நிறுத்த மாட்டேங்கறா."

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க அத்திம்பேர் இத்தனை வருஷத்துல எங்கிட்ட பேசினதெல்லாம் குழம்புல உப்பைப் பத்தித்தான், கேட்டியா" என்றாள். தன் பால் பாயசப் பிரசாதத்தைத் தொன்னையோடு என் கையில் வைத்தாள். "போங்கோ. நான் இன்னிக்கு உங்களைப் பாக்கவே இல்லை. திரும்பி வரச்சே ஒரு வேளை ஆத்துல சாப்பிட்டுட்டுப் போங்கோ. மத்ததெல்லாம் சாரமில்லை, பரவாயில்லை."

கடற்கரையில் ஸ்டவ் புது வாஷரோடு இரைந்துகொண்டு எரிந்தது. நான் உப்புமா கிண்டினேன். நீங்கள் வெளியில் உட்கார்ந்து புது முண்டில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். நீங்கள் எனக்காக வாய் திறந்தீர்கள், அவ்வளவுதான். மறுநாள் வளைந்து வளைந்து ஏறும் பொன்முடிச் சாலையில் கார் இரண்டு முறை கொதித்து நின்றது. ஆறட்டும் என்று கல்லில் உட்கார்ந்து பேசினோம். என்ன பேசினோம் என்பது பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து உங்கள் தங்கைக்கு வரன் வந்தது. கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று உங்கள் அப்பா சொன்னார். நான் அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்தேன். நீங்கள் அத்தனை பேர் எதிரிலும் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டீர்கள். வீடே என்னைப் பார்த்தது. "பள்ளிக்கூடம் முடிக்கட்டும்" என்றேன். முடித்தாள்.

இப்போது இந்த வீட்டில் எதுவானாலும் கடைசியாக என்னைத்தான் கேட்கிறார்கள். கேட்டவுடன் உங்கள் நாற்காலிப் பக்கம் ஒரு தரம் திரும்பிவிடுகிறேன், பழக்கம் போகவில்லை. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.