ஷ்க்வார்காவின் மொழி

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று மொழி நாள். வானொலியில் சொல்லச் சொல்ல நாடே உட்கார்ந்து எழுதியது. எனக்குப் பதினொரு பிழை, என் வகுப்பு லுக்யானுக்கு ஒன்பது. "இத்தனை பிழையோட நீ எப்படிடீ பிழைக்கப் போற?" என்றான். ஒன்பது வாங்கியவனுக்கு வாய் பெரிசு.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு மாலை நாலு மணிக்குத்தான் மின்சாரம். விளக்கு எரிந்ததும் அம்மா ஓடுவது அடுப்புக்கு இல்லை, கணினிக்கு. பகலெல்லாம் அருங்காட்சியகத்தில் பழைய தாள்களோடு இருந்துவிட்டு வந்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் 'உக்ரைனிய மொழியின் பழைய பெயர்கள்' என்ற பக்கத்துக்குக் காவல். பதினொரு வருடமாக. அங்கே அவள் பெயர் 'காப்பக எலி'. சொந்தப் பெயரை ஒரு இடத்திலும் சொன்னதில்லை.

எதிராளி பெயர் 'நடுநிலையான்'. நிற்பதென்னவோ ஓரமாக. ரூஸ்கா, ரூத்தேனியம், எளிய மொழி, சின்ன ரஷ்யம் என்று எங்கள் மொழியை நூற்றாண்டுக்கு ஒருவர் ஒவ்வொரு பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா கட்சி: பெயர் பல, மொழி ஒன்று. அவன் கட்சி: இத்தனை பெயர் இருந்தால் அது மொழியே இல்லை. லுக்யானுக்கு வீட்டில் மூன்று பெயர், வகுப்பில் நாலு. அப்படியென்றால் லுக்யானே இல்லையா? (சில நாள் அப்படி இருந்தால் நன்றாக இருக்கும்.)

அக்டோபர் 30, வியாழன்

அப்பாவிடமிருந்து ஐந்தேகாலுக்கு '+' வந்தது. போர்முனையிலிருந்து அவர் அனுப்புவது அது ஒன்றுதான். கூட்டல் குறி வந்தால் உயிரோடு இருக்கிறார். அது வரும்வரை அம்மா அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகத் திருத்திக்கொண்டிருப்பாள். வந்ததும் கணினியை மூடிவிட்டு எழுந்து தேநீர் போடுவாள். இதை நான் கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகிறது. அவளிடம் சொன்னதில்லை.

நவம்பர் 3, திங்கள்

அய்யோ.

நடுநிலையான் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறான். '1640களில் இப்பகுதிக்கு வந்த வெனிஸ் வணிகர் ஒருவர் இம்மொழியை லிங்குவா ஷ்க்வாரிகா, அதாவது பன்றிக்கொழுப்பு வறுவலின் மொழி, என்று குறிப்பிட்டார்.' கீழே ஆதாரம்: ஒரு கெட்டி அட்டைப் புத்தகம், பக்கம் 212.

அந்த வெனிஸ் வணிகர் நான்தான்.

எட்டாம் வகுப்பில், கணினிப் பாடத்தில், எங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தில் லுக்யானும் நானும் எழுதிவிட்ட வரி அது. எத்தனை நாளில் யார் அழிக்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு விளையாட்டு. ஷ்க்வார்கா எங்கள் நாய். குட்டியாக வந்த அன்றே வாணலியிலிருந்து வறுவலைத் திருடியதால் அந்தப் பெயர். லத்தீன் தொப்பி மாட்டி அதை மொழியாக்கினோம். பிறகு மறந்துபோனோம். யாரும் அழிக்கவில்லை. அதைப் பார்த்து ஒருவர் புத்தகத்தில் போட்டுவிட்டார். புத்தகத்தைப் பார்த்து இவன் இங்கே போட்டுவிட்டான்.

அம்மா திரையைப் பார்த்தாள். மேசைக்கடியில் கிடந்த ஷ்க்வார்காவைப் பார்த்தாள். பிறகு அந்த வரியை நீக்கினாள்.

கண்டுபிடித்திருக்க மாட்டாள். தொப்பி பெரிசு.

நவம்பர் 4, செவ்வாய்

வரி திரும்பி வந்துவிட்டது. பேச்சுப் பக்கத்தில் (பெயர்தான் பேச்சு, நடப்பதெல்லாம் ஏச்சு) நடுநிலையான் எழுதியது: 'வெளிநாட்டார் மூக்குக்கே கொழுப்பு வாடை எட்டியிருக்கிறது. இதை மொழி என்பவர்கள் யோசிக்கட்டும்.' யாரோ அதைப் படம் பிடித்துக் கண்ட இடத்திலெல்லாம் பரப்புகிறார்கள். நம்மைப் பிடிக்காதவர்கள் நாட்டில் இன்று இதுதான் பெரிய சிரிப்பாம்.

நான் செய்த சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புத்தகம் எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

ஒரே நாளில் அம்மா அந்தப் பக்கத்தை நாலு தடவை பழையபடி திருப்பிவிட்டாள். அங்கே மூன்றுக்கு மேல் கூடாது. உருளைக்கிழங்கு அடைக்கு இரண்டு திருப்பல், தடைக்கு நாலு. காப்பக எலிக்கு ஒரு வாரம் தடை.

நிர்வாகி மூன்று முறை மரியாதையாகக் கேட்டிருக்கிறார்: 'நூல் ஆதாரம் உள்ள வரியை ஏன் நீக்குகிறீர்கள்? இது பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' அம்மா பதில் எழுதவில்லை. ஒரு காற்புள்ளிக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதுகிற அம்மா!

நவம்பர் 7, வெள்ளி

நாலு மணி. விளக்கு வந்தது. அம்மா கணினியைத் திறக்கவில்லை. போனை மேசையில் வைத்து எதிரில் உட்கார்ந்தாள். '+' ஆறு நாற்பதுக்கு வந்தது. இரண்டு மணி நாற்பது நிமிடம் அவள் இமைத்ததாக எனக்கு நினைவில்லை.

நவம்பர் 8, சனி

புத்தகக்காரர் பதில் போட்டுவிட்டார். 'அன்புள்ள மாணவிக்கு, தகவலைக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தேன். இப்போதும் பார்த்தேன், அங்கே அப்படியே இருக்கிறது. என் நூலையே ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். எனவே கவலை வேண்டாம்.'

லுக்யானிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"பேசாம அங்கயே போய் உண்மையச் சொல்லிடு. உங்கம்மாவ விட்டுருவாங்க."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்கடா."

"கொல்ல மாட்டாங்க. அடிக்குறிப்பு போடுவாங்க."

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா ரொட்டி வாங்கப் போன நேரத்தில் எழுதிவிட்டேன். புதுக் கணக்கு: 'ஷ்க்வார்காவின் எஜமானி'. என் முழுப்பெயர், வகுப்பு, பள்ளி, எழுதிய தேதி, நாயின் படம் எல்லாம் போட்டேன். 'வெனிஸ் வணிகர் என்று ஒருவர் இல்லை. எனக்கு அப்போது வயது பதினாலு. காப்பக எலி மேல் தப்பில்லை.' வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வரிகூடப் புளுகாமல் எழுதினேன்.

நவம்பர் 10, திங்கள்

பதில் வந்தாயிற்று.

'ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது ஆதாரம் ஆகாது. அச்சிட்ட நூலே ஆதாரம். தாங்கள் சொல்வதற்கு மூலம் இருந்தால் காட்டவும்.'

மூலம் இருக்கிறதா, மூலம் இருக்கிறதா என்று வைத்தியர் மாதிரி கேட்டால் என்ன சொல்ல? மூலம் நானும் ஒரு நாயும்தான். ஊர்ப் பக்கத்தின் பழைய பதிவைக் காட்டினேன். நாங்கள் எழுதியது மார்ச், புத்தகம் வந்தது அக்டோபர், பாருங்கள் என்றேன். 'தாமே ஆராய்ந்து முடிவுக்கு வருதல் இங்கே விதிப்படி கூடாது.'

அதோடு முடியவில்லை. 'இந்தக் கணக்கும் காப்பக எலியும் ஒரே இணைப்பிலிருந்து எழுதப்படுவதைச் சோதித்து உறுதிசெய்தோம். தடையில் இருப்பவர் தனக்காகவே வாதாடக் கைப்பாவைக் கணக்கு தொடங்கியுள்ளார். இரு கணக்குகளுக்கும் காலவரையற்ற தடை.'

ஒரே வீடு. ஒரே இணைப்பு. இது எனக்குத் தோன்றவே இல்லையே... ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 11, செவ்வாய்

பதினொரு வருடம் அம்மா கட்டியதை ஒரு உண்மையால் இடித்துவிட்டேன். இத்தனை நாள் பொய்யால்கூட இவ்வளவு முடிந்ததில்லை.

நவம்பர் 12, புதன்

லுக்யான் தன் வீட்டிலிருந்து, தன் பெயரில், 'நானும் அங்கே இருந்தேன்' என்று எழுதினான். முக்கால் மணி நேரத்தில் தடை. அவனும் கைப்பாவையாம். லுக்யானும் இப்போது என் அம்மா.

நவம்பர் 13, வியாழன்

இனி மறைக்க முடியாது. அந்த வெனிஸ் வணிகர் நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்டீ."

"என்னது?"

"தினம் நாலு தடவ நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன். எனக்குத் தெரியாதா? படிச்ச நிமிஷமே தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல? காரணம் கேட்டாங்களே, மூணு தடவ கேட்டாங்களே. என் பொண்ணு செஞ்ச குறும்புன்னு ஒரு வரி எழுதியிருந்தா..."

"எழுதினா? அங்க எழுதுறது எதுவும் அழியாது, உஸ்தின்கோ. பக்கத்துல அழிச்சாலும் பழைய பதிவுல கிடக்கும். அந்தக் கூட்டம் உன் பேரத் தேடும், ஸ்கூலத் தேடும். பதினொரு வருஷமா என் பேரையே சொல்லாதவ, உன் பேரைச் சொல்வேனா? கணக்குப் போனா போகட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். துருவல் நின்றது.

"நீ அங்க என்ன எழுதின?"

சொன்னேன்.

"முழுப் பேரா?"

"ம்."

"ஸ்கூலுமா?"

அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சிவந்த கையோடு வந்து கணினியைத் திறந்தாள். அழிக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதப் பார்த்தாள். தடைசெய்யப்பட்டவர் விண்ணப்பிக்க இயலாது என்று வந்தது. விசைப்பலகையில் மூன்று விரல் தடம், பீட்ரூட் நிறத்தில்.

நவம்பர் 20, வியாழன்

'கொழுப்பு மகாராணி' என்று முகம் தெரியாதவர்கள் நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். பள்ளி முகவரிக்கும் வந்ததாம். முதல்வர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் இணையத்துப் பக்கமே போகாதம்மா" என்றார். நல்ல பதிலடி நாலைந்து தோன்றின. எதையும் அனுப்பவில்லை.

டிசம்பர் 6, சனி

தாய்மொழிப் போட்டித் தேர்வு, மாவட்டச் சுற்று. ஏழாவது கேள்வி: 'நம் மொழி வரலாற்றில் பெற்ற பெயர்களில் நான்கினை எழுதுக.' ரூஸ்கா, ரூத்தேனியம், எளிய மொழி, சின்ன ரஷ்யம். அம்மா காவல் காத்த வரிசையிலேயே எழுதினேன்.

வெளியே லுக்யான் நகம் கடித்துக்கொண்டு நின்றான். "எனக்கு மூணுதான்டீ ஞாபகம் வந்துச்சு. நாலாவதா... அதை எழுதிட்டேன்."

"டேய்!"

"வேற ஒண்ணும் வரலடீ!"

டிசம்பர் 14, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. லுக்யானுக்கு ஏழாவது கேள்விக்கு முழு மதிப்பெண். விடைத்தாள் திருத்தியவர்களிடம் இருந்த பட்டியலில் ஐந்து பெயர் இருந்ததாம். அவன் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தான், சொல்லிவிட்டு உட்காராமலே போய்விட்டான்.

'+' இன்று மூன்றரைக்கே வந்துவிட்டது. அப்படியும் அம்மா போனைக் கீழே வைக்கவில்லை. நாலு மணிக்கு விளக்கு வந்தது. கணினி மேல் ஒரு துணி போர்த்தியிருக்கிறது, மாவு பிசைந்து மூடி வைத்த மாதிரி. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மா கோட்டை மாட்டினாள், நாயின் கழுத்துப்பட்டையை எடுத்தாள், கதவைத் திறந்து, "வா" என்றாள்.

நாய் எழுந்து நின்றது. காதைத் தூக்கியது. வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது வரும்.

அம்மா இன்னொரு தடவை "வா" என்றாள்.

கடைசியில் நான்தான் கூப்பிட்டேன், வெளியே யாருக்கும் கேட்காத மாதிரி.