உன் இரண்டு மணி நேரம்

பக்கத்து வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். காலையிலேயே தொட்டியில் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அது கொதிக்கிற சத்தமும் ஈர வாசமும் சன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. மற்றவர்களுக்கு அது பண்டிகை வாசம். எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தெருவில் அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்த இந்தக் கை, உனக்கென்று ஒரு வரி இதுவரை எழுதவில்லை.

உன் மகள் முப்பிடாதிக்கு அப்போது ஒன்பது வயது. கழுத்து நிற்காது, கை கால் விறைத்திருக்கும், வாயில் வைத்த சோற்றை விழுங்கவே அரை மணி ஆகும். என் மகன் சுடலை நாற்பது தாண்டி நான் பெற்றவன். அவன் நடப்பான், ஓடவும் செய்வான், ஆனால் புத்தி வளரவில்லை. கண் தப்பினால் வாய்க்காலுக்குள் இறங்கிவிடுவான். பீடி சுற்றும் நேரத்தில் பழைய சேலைத் துணியால் அவன் இடுப்பைத் தூணோடு கட்டிப்போடுவேன். அதை நீ பார்த்த அன்று, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாய். மறுநாள் அரிசிக்கடை அண்ணாச்சியிடம் போய், வாய்க்கால் கரையில் சும்மா கிடந்த நெல் குடோனைக் கேட்டு வாங்கிவிட்டாய்.

நம்மைப் போல ஐந்து தாய்மார் சேர்ந்தோம். செவ்வாயும் வெள்ளியும் இருவர் குடோனில் இருந்து ஐந்து பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள், மற்ற மூவரும் இரண்டு மணி நேரம் வெளியே போகலாம். முறை மாறி மாறி வரும். அவ்வளவுதான் நம் திட்டம். முதல் வெள்ளியன்று நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன். நீ ஆற்றுக்குப் போனாய். ஈரத் தலையோடு திரும்பி வந்து என்னிடம் சொன்னாய்:

"மைனி, ஒம்பது வருசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஆத்துல முங்கிக் குளிச்சேன். முதுகுல மஞ்சள் தேச்சேன் தெரியுமா? முதுகுன்னு ஒண்ணு இருக்கதே மறந்து போச்சு."

தெருவில் சும்மா இருந்தார்களா? "பெத்தவளுக்கு என்னட்டி லீவு? சர்க்கார் ஆபீசுலயா வேலை பாக்கிய?" என்று உன் நாத்தனார் குழாயடியில் கேட்டாள். "லீவு இல்ல மதினி, மூச்சு விடுதோம்" என்றாய் நீ. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

பிறகுதான் அந்த விண்ணப்பப் படிவம் வந்தது. திருநெல்வேலியில் ஓர் அறக்கட்டளை ஆபீஸ். தாய்மாருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குமாகச் சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் முயற்சிகளுக்கு நிதி உதவி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் வாங்கி வந்தேன். குடோன் கூரையை மாற்ற வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் இருந்தால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போகலாம், தேவைப்பட்டால் ஒரு முழு நாளும் போகலாம். உனக்கு அந்த முழு நாள் தேவைப்பட்டது. அடிவயிற்றில் வலி என்று அப்போதே சொல்ல ஆரம்பித்திருந்தாய்.

படிவத்தில் 'திட்டத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம். "ஆத்தாமாருக்கு ரெண்டு மணி நேரம் வேணும்னு எழுதுங்க மைனி" என்றாய். "அது மரியாதையா இருக்காதுட்டி" என்று சொல்லி, 'குழந்தைகளின் ஒருங்கிணைந்த நல்வாழ்வு' என்று எழுதினேன். எங்கோ செய்தித்தாளில் வாசித்த வார்த்தை. எழுதியபோது பெருமையாக இருந்தது. அடுத்த கட்டத்தில், மூன்று மாதத்தில் குழந்தைகளிடம் எதிர்பார்க்கும் முன்னேற்றம் என்ன என்று கேட்டிருந்தார்கள். முப்பிடாதியிடம் மூன்று மாதத்தில் என்ன முன்னேற்றத்தை எதிர்பார்ப்பது? அவளைத் தூக்குகிறவளின் இடுப்பு என்ன ஆகிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

பார்வையிட ஆள் வருகிறார் என்று கடிதம் வந்தது. உடனே நான் சுண்ணாம்பு வாங்கினேன்.

"எதுக்கு மைனி வெள்ளையடிக்கிய? ஒழுகுதத அவரு பாக்கட்டுமே" என்றாய்.

"வாரவரு நம்மள என்ன நெனப்பாரு? பேசாம மட்டையப் பிடிட்டி!"

நீ பிடித்தாய். அன்று முழுவதும் அடித்தோம். கூரை ஒழுகி விழுந்த கறையெல்லாம் மறைந்தது. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டோம். பிள்ளைகளுக்குக் கல்யாண வீட்டுச் சட்டை, முகத்துக்குப் பவுடர். சுடலையைக் கட்டும் துணியை நானே சுருட்டிக் கோணிக்கு அடியில் ஒளித்தேன். கேசரி, உளுந்த வடை, பித்தளைத் தம்ளரில் காப்பி. நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் கிழிசலை யார் காட்டுவார்கள்?

அவர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "உங்களுக்கெல்லாம் என்னம்மா கஷ்டம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நம் பெண்கள் வரிசையாகச் சொன்னார்கள்: "ஒரு கொறையும் இல்ல சார்." உறவுக்காரர் கேட்டால் சொல்லும் அதே பதில். நானும் அதையேதான் சொன்னேன். நீ மட்டும் எழுந்து நின்றாய்.

"சார், எங்களுக்கு ரெண்டு மணி நேரம்…"

அதற்குள் நான் குறுக்கே வந்தேன். "சார் காப்பி ஆறுது பாருங்க, முதல்ல குடிங்க. ஏட்டி, இன்னொரு வடை வையி."

நீ வாயை மூடிக்கொண்டு வடை வைத்தாய். அவர் சிரித்தார், காப்பி குடித்தார், கிளம்பிவிட்டார்.

பதில் வந்தது. நான்தான் சத்தமாக வாசித்தேன். நம் குழு தன் சொந்த முயற்சியாலேயே மிகச் சிறப்பாக நடப்பது பாராட்டுக்குரியதாம். ஆகவே நிதி உதவி இதைவிடத் தேவையுள்ள இடத்துக்குப் போகிறதாம். மற்றவர்கள் அழுதார்கள், நீ சிரித்துவிட்டாய். "நல்லா அடிச்சோம்லா மைனி வெள்ள!" என்றாய். அந்தச் சிரிப்பு இன்னும் என்னைச் சுடுகிறது.

நான் விடவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஆபீசுக்கே போனேன். அதே மனிதர் இருந்தார்.

"நீங்க காட்டலையேம்மா, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"ஒம்பது வயசுப் பிள்ளய ஒருத்தி இடுப்புல தூக்கிட்டு நிக்கா. அத நீங்க பாத்தீயல்லா? அதுக்கு மேல என்ன காட்டணும்?"

அவர் ஒரு கோப்பைத் திறந்து புகைப்படம் ஒன்றைக் காட்டினார். வேறெந்த ஊரோ. ஒரு பிள்ளையைத் தூணில் கட்டியிருந்தது. "இந்த மாதிரி ஒரு படம் இருந்தா மேலிடத்துல உடனே பாஸ் ஆயிரும்மா. நான் வேணா கேமராவோட ஒருநாள் வாரேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளையடித்தால் தேவையில்லை என்கிறார்கள், கட்டிப்போட்டால்தான் தேவை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மனுஷி இவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டாளா? "என் பிள்ளை படம் உமக்கு வேடிக்கையாவே?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். உன்னிடம் சொன்னபோது, "நல்லா கேட்டிய" என்று மட்டும் சொன்னாய். உன் இடது கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

அந்த ஐப்பசி மழையில் குடோன் கூரை ஒரு பக்கம் இறங்கியது. அண்ணாச்சி பயந்துபோய்ப் பூட்டிவிட்டார். ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குள் அடைந்தோம். நீ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலையில் போனால் திரும்ப இருட்டிவிடும். முப்பிடாதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனை முறை சொன்னேன்! "ரெண்டையும் ஒங்களால முடியாது மைனி. இவளுக்குச் சோறு ஊட்டுத நேரத்துல அவன் வாய்க்கால்ல நிப்பான். பைய அடுத்த வாரம் போறேன்." அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு வருடம் போயிற்று. கடைசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கோபப்பட்டாராம். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டிருக்க வேண்டும்?

இப்போது உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது முப்பிடாதியை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார். பதின்மூன்று வயது, கனம் கூடிவிட்டது. சுடலை கொஞ்சம் அடங்கியிருக்கிறான். அவள் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடிக்கிறான், நான் ஊட்டி முடிக்கும் வரை விடுவதில்லை. அவள் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெய் பட்டுப் பட்டுச் சுவரில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருக்கிறது.

நாளை வேறொரு அறக்கட்டளையிலிருந்து ஆள் வருகிறார். மறுபடியும் படிவம், மறுபடியும் நோக்கம். இந்த முறை அந்தக் கட்டத்தில் நீ சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

சற்று முன் பக்கத்து வீட்டுப் பையன் சன்னலில் எட்டிப் பார்த்தான். "பெரியம்ம, சுண்ணாம்பு மிச்சமிருக்கு. ஒங்க சுவத்துக்கும் ஒரு அடி அடிச்சிரட்டா? நாளைக்கு ஆளு வாராவளாமே."

"வேண்டாம்லே. அந்தக் கறுப்பு அங்கனயே கிடக்கட்டும்" என்றேன்.

வருகிறவருக்குக் காப்பி கொடுப்பேன், அந்த வழக்கத்தை விட முடியாது. ஆனால் அன்று நான் வெட்டிய உன் வாக்கியம் இத்தனை வருடமாக என் வாயில்தான் இருக்கிறது. அதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே அடுப்பைப் பற்றவைப்பேன்.