நெளிந்த கைமைக்

அண்ணே,

தாசில்தார் ஆபீஸ் ஜீப்பில் அந்தக் கைமைக் இன்னும் கிடக்கிறது. வாய்ப்பக்கம் நெளிந்துபோனதால், கீச்சென்று ஒருமுறை அலறிவிட்டுத்தான் பேசும். புதிது வாங்கலாம் என்றார்கள், முடியாது என்றுவிட்டேன். இன்று மதியம் பேட்டரி மாற்றும்போது உங்கள் அத்தர் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். துருவாடைதான் அடித்தது. உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. நான் போன் செய்தால் ஹலோகூடச் சொல்ல மாட்டீர்கள். "எங்கன வரணும்?" என்பீர்கள். அப்படிக் கேட்க ஆளில்லாமல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே.

காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. கம்பம் ஊரில் நடந்த கண்டன ஆர்ப்பாட்டத்தில், ஜமாத் தலைவரான நீங்கள் கறுப்புக்கொடியோடு முன்வரிசையில் நின்றீர்கள். பந்தோபஸ்துக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நான். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஒரு வயதான தம்பதி வந்து தங்கினார்கள். பெரியவர் தலையில் சின்னதாக வெள்ளைத் தொப்பி. கடைத்தெருவே "வாங்க பாய்" என்று சலாம் வைத்தது, டீ வாங்கிக் கொடுத்தது. அப்புறம்தான் லாட்ஜில் பாஸ்போர்ட்டைப் பார்த்து, இஸ்ரேல்காரர்கள், யூதர்கள் என்ற பேச்சு வெளியே கசிந்தது. யூதர்களும் தொப்பி போடுவார்கள் என்று அங்கே யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. சலாம் வைத்தவர்களுக்கெல்லாம் ஏமாந்துவிட்ட ஆத்திரம். "நம்மாளு வேசம் போட்டு உளவு பாக்க வந்திருக்கான்" என்று அவர் போட்டோ போன் போனாகப் பறந்தது.

நான் லாட்ஜ் ஷட்டருக்குள் நின்று ஒவ்வோர் ஆபீஸாகப் போன் போட்டேன். போலீஸ் ரெவின்யூவைக் கேள் என்றது. ரெவின்யூ போலீஸைக் கேள் என்றது. சுற்றுலாத் துறைக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லையாம். தேனி கலெக்டர் ஆபீஸிலிருந்து மட்டும் தெளிவாக ஓர் உத்தரவு: "எல்லாத் துறையையும் ஒருங்கிணைச்சு செய்யுங்கம்மா." ஒரு எஸ்.ஐ., இரண்டு காவலர்கள், நான். இதில் எதை எதோடு ஒருங்கிணைப்பது? வெளியே ஷட்டரை உதைத்தார்கள். கொச்சியில் பிறந்து இஸ்ரேல் போனவளாம் அந்த அம்மாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மோளே, ஞங்கள் எந்து செய்து?" என்றாள். நாங்கள் என்ன செய்தோம் மகளே என்று கேட்கிறாள். ஆர்ப்பாட்டத்தன்று வாங்கி வைத்திருந்த உங்கள் நம்பரை அழுத்தினேன்.

நீங்கள் வந்ததும், தங்கள் பக்கம் பேச வந்திருக்கிறீர்கள் என்று கூட்டம் வழிவிட்டது. ஷட்டரைப் பாதி தூக்கி வெளியே வந்தேன். என் கையிலிருந்த மைக்கை வாங்கினீர்கள்.

"போன வாரம் கொடி புடிச்சேன், அடுத்த வாரமும் புடிப்பேன். அது குண்டு போடுற சர்க்காருக்கு எதிரா. இந்தப் பெரியவருக்கு எதிரா இல்ல. எங்கனயோ எவனோ குண்டு வச்சான்னு நம்ம புள்ளைகளுக்கு வாடகைக்கு வீடு இல்லேன்னாகளே, வயிறு எரிஞ்சோமா இல்லையா? அதே காரியத்த நாம செய்யவா?"

அப்போதுதான் கல் வந்தது. உங்கள் முகத்துக்கு வந்ததை மைக் வாங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் தெருவெங்கும் கீச்சிட்டது. நீங்கள் மைக்கை இறக்காமல், "யாரு முதல்ல அந்தப் படத்த அனுப்புனது?" என்று கேட்டீர்கள்.

முன்னால் வந்தது உங்கள் தம்பி மகன். உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"ஏலே, நீயா?"

"நெசம்னு நெனச்சுட்டேன் பெரியத்தா..."

"நெனச்சத ஊருக்கே அனுப்புனேல்ல? பொய்னும் அனுப்பு. அனுப்பிட்டு வந்து வண்டிய எடு."

எஸ்.ஐ. மெதுவாக, கேஸெல்லாம் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் பாய் என்றார். "எம்புள்ளைக்கு ஒரு சட்டமா? எழுதுங்க சார்" என்றீர்கள்.

அந்தத் தம்பதியை ஏற்றிக்கொண்டு அவனே ஓட்டினான், கேரள எல்லையான குமுளி வரைக்கும். லோயர்கேம்ப் மலைப்பாதையில் பின்னால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நீங்கள் திரும்பிப் பார்த்து, "தலையில இருக்கட்டும் பெரியவரே. நானும்தான போட்டிருக்கேன்" என்றீர்கள். அந்த அம்மாள் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே அழுதாள்.

அந்தக் கேஸால் தம்பி வீட்டோடு உங்களுக்குப் பேச்சே நின்றது. பெருநாளைக்குக்கூட அவர்கள் வரவில்லை. "வருத்தந்தான் ஆத்தா. ஆனா மாத்தி எழுதச் சொல்ல மாட்டேன்" என்றீர்கள் ஒருநாள். நீங்கள் இறந்து மையத்து எடுத்த அன்று அவன் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்து, கபர்ஸ்தான் வரைக்கும் யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. எதற்கும் அழாத நான் அதற்கு அழுதேன்.

இன்று மதியம் சின்னமனூரிலிருந்து போன். மேகமலை எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த வடநாட்டு ஆட்களைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி மறித்துவிட்டார்களாம். போனில் படம் பறக்கிறதாம். தேனியிலிருந்து அதே உத்தரவு, ஒருங்கிணைச்சு செய்யுங்கம்மா. என் விரல் பழக்கத்தில் உங்கள் நம்பரை அழுத்திவிட்டது. அழிக்க மனம் வராமல் வைத்திருந்த நம்பர். மணி அடித்தது.

எடுத்தது உங்கள் தம்பி மகன். ஹலோ சொல்லவில்லை.

"எங்கன வரணும் அக்கா?"

சின்னமனூர் என்றேன். மைக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பை எடுக்கச் சொன்னேன்.