வாய் மூடிப் பார்த்த ஆட்டம்

4 மே, ஞாயிறு

வெட்கத்தை விட்டு இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மகள் ஷர்மினி நாலு வருடமாக டென்னிஸ் ஆடுகிறாள். யார் ஜெயிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. பதினைந்து, முப்பது என்பார்கள்; அடுத்து நாற்பத்தைந்து என்று காத்திருந்தால் நாற்பது! பக்கத்தில் இருப்பவர் கைதட்டினால் நானும் தட்டுவேன். ஒருநாள் எதிராளியின் அம்மாவோடு சேர்ந்து தட்டிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஜெயபாலன் பேராக் மாநிலத்துக்கு ஹாக்கி ஆடியவர். என் அப்பா, அண்ணன்மார் எல்லாரும் பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் ஆடியவர்கள். நான்? படித்ததே ஆறாம் வகுப்பு வரைதான். திடல் ஓரம் நின்று கத்துவதில் மட்டும் கெட்டிக்காரி. எங்கள் தோட்டத்தில் எதிர்க்குழுவைத் திட்ட மாட்டோம். நம்ம ஆளைத்தான் திட்டுவோம். ரோஷம் வந்தால்தானே கோல் போடுவான்!

சனிக்கிழமை மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஆட்டம்.

10 மே, சனி

போச்சு.

கடைசிவரை சமமாகத்தான் ஆடினாள். அடிப்பதற்குப் பந்தை மேலே போட்டாள். அந்த நேரம் பார்த்தா என் வாய் —

"அடியே சோம்பேறி! பால் வாளியா தூக்குற? வீசி அடிடீ!"

பந்து வலையில். நடுவர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே.

காரில் சொன்னாள்: "இனிமே என் ஆட்டத்துக்கு வராதீங்கம்மா."

"நான் வராட்டி வடை யாரு கொண்டு வருவா?"

சிரிக்கவில்லை. "நீங்க எப்பக் கத்துவீங்களோன்னு கை நடுங்குதும்மா. பந்தே தெரியல."

11 மே

"ஒங்க தோட்டத்து வழக்கம்லா அது. அவ ஈப்போவுல பொறந்தவ," என்கிறார் அவர்.

எனக்கு மட்டும் ஏன் தோணலை? அவ்வளவு ஆசையாத்தானே கத்துனேன்…

22 ஜூன்

கோலாலம்பூர் விளையாட்டு விடுதியில் ஷர்மினியை எடுத்துக்கொண்டார்கள். தேர்வுக்கு அப்பாவோடு போனாள். நான் வீட்டில் இருந்தேன். நல்ல சேதிதான். வடை சுட்டேன். சுட்டுவிட்டு, யாருக்கு என்று நின்றேன்.

20 ஜூலை

போன் பண்ணினேன். "டிரெய்னிங்மா," என்றாள். வைத்துவிட்டாள்.

16 ஆகஸ்ட், சனி

இன்று அங்கே போட்டி என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

மேல் வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டேன். என்ன ஆட்டம்! எத்தனை தடவை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். ஜெயித்துவிட்டாள்.

போகும்போது பார்த்துவிட்டாள். வந்தாள்.

"எப்பம்மா வந்தீங்க?"

"ஆரம்பத்துலயே."

"கத்தவே இல்ல."

"இல்ல."

"தேங்க்ஸ்மா."

கடைக்காரருக்குச் சொல்வோம். வழி காட்டியவருக்குச் சொல்வோம். பெத்தவளுக்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்லுவாங்களா?

விடுதி வேன் காத்திருந்தது. ஏறிப் போனாள்.

வாசல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் சேலையெல்லாம் புதுப் பெயிண்ட். பச்சை. சீட் பாழாகும் என்று பஸ் டிரைவர் பேப்பர் விரித்துக் கொடுத்தார். ஈப்போவில் நான் இறங்கியபோது பேப்பரும் இறங்கியது.