ஏழாம் நம்பர் குழாய்

8-1-1996, திங்கள்

உக்கடத்தில் பாலக்காடு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். வாளையார் தாண்டி பீர் ஃபேக்டரிக்குள் நுழையும்போது பத்து. பத்து மணிக்குத்தான் ருசி பார்க்கும் வேலை. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஐந்து தொட்டி பீரிலும் ஒவ்வொரு வாய். துப்பிவிடலாம்தான். ஆனால் பீரின் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும், ஒரு மிடறாவது விழுங்க வேண்டும். ஐந்தும் ஒரே ருசி. ஒரே ருசியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல், மூன்று வருடமாக லேப் அசிஸ்டெண்ட்.

திரும்பும்போது, வாய் வாடை போக, பஸ்ஸிலேயே ஏலக்காய் போட்டுக்கொள்கிறேன். நான் பீர் ஃபேக்டரியில் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். அது என் நாக்கில் படுவது தெரியாது. "எம்புள்ளைக்குக் கொழாயில பூச்சி பாக்கற வேலைங்க" என்று, கணபதியில் அவள் நடத்தும் இட்லிக் கடைக்கு வரும் லேத்துப் பட்டறை ஆட்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அப்பா சாராயத்தில் போனவர். எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால் அம்மா சோறு உண்ண மாட்டாள்.

22-1-1996

முதலாளி நரசிம்மலுவின் மகன் ரோஹன் வந்திறங்கிவிட்டார். பெல்ஜியத்தில் பீர் காய்ச்சப் படித்தவர். லேபில் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"எல்லா ஃபேக்டரியும் ஒரே ஈஸ்ட்டை வாங்கிப் போட்டா எல்லா பீரும் ஒண்ணுதாங்க. நம்ம ஊர் மண்ணுல, பழத்துல தானா இருக்குமே, காட்டு ஈஸ்ட், அது வேணும். அதுல ஒரு பேல் ஏல், வெளுத்த நெறத்துல ஒரு தினுசு பீர். பெங்களூர் பப்புக்காரங்க வரிசையில நிப்பாங்க. யார் நல்ல ஈஸ்ட் புடிச்சுத் தர்றாங்களோ அவங்கதான் அந்தத் தொட்டிக்கு ப்ரூவர்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ப்ரூவர் சொன்னால் தொட்டி ஓடும், சொன்னால் நிற்கும். கதவில் பெயர்ப்பலகை உண்டு. இந்த ஃபேக்டரியில் இதுவரை ஒரு பொம்பளை பெயர் எந்தக் கதவிலும் இல்லை.

4-2-1996, ஞாயிறு

அம்மாவுடன் தொண்டாமுத்தூர் போனேன். நரசிம்மலுவின் திராட்சைத் தோட்டம். அங்கே அம்மா இருபத்திரண்டு வருடம் பழம் அறுத்தவள். எங்கே தேட வேண்டும் என்று என் புத்தகம் எதுவும் சொல்லவில்லை, அம்மா சொன்னாள்.

"கெணத்தோரப் பந்தலுக்கு மட்டும் மருந்தடிக்க மாட்டாங்க கண்ணு. தண்ணியில உழுந்துருமுன்னு பெரியம்மிணிக்குப் பயம். அந்தப் பழம் வெடிச்சு நொரை தள்ளும். கொளவி மொய்க்கும். நாங்க அங்க போகவே பயப்படுவோம்."

பெரியம்மிணி என்றால் லட்சுமியம்மாள், நரசிம்மலுவின் மனைவி.

குளவி கொட்டாமல் பதினொரு கொத்திலிருந்து பழம் எடுத்தேன். தோட்டத்து மேஸ்திரி ராசப்பன் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா பழக்கப்படி இரண்டு கையையும் குவித்தாள். அவர் உயரத்திலிருந்து ஊற்றினார். எனக்கு எப்படித் தருவதென்று அவருக்குக் குழப்பம். என் கைப்பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். கடைசியில் மாட்டுத் தொட்டியோரம் கிடந்த பிளாஸ்டிக் மக்கை அலசி நீட்டினார். தாகமில்லை என்றேன்.

பஸ்ஸில் அம்மா பழைய கதை சொன்னாள். முதலாளி வீட்டில் சாமிக்கு வைப்பதும் இவர்கள் அறுத்த பழம்தான். ஆனால் கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் தெளித்து, அலசி, வெள்ளித் தட்டுக்கு மாற்றித்தான் உள்ளே போகுமாம்.

"உனக்குக் கோபமே வராதாம்மா?"

"பழத்தைக் கழுவித் தின்னா நல்லதுதானே கண்ணு" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் காந்திபுரம் வரும்வரை ஆறவில்லை.

27-2-1996

கொத்துக்கு ஒன்றாகப் பதினொரு சோதனைக் குழாய். பத்து வீண். ஒன்று நகப்பாலிஷ் நாற்றம், ஒன்று வாந்தி, மீதி எல்லாம் புளிப்பு. ஏழாம் நம்பர் மட்டும் – என்ன சொல்வது – பழுத்த கொய்யா. மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். டேங்க் ஆபரேட்டர் பிரான்சிஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மாப்ளை போட்டோ வந்துருக்குதா?"

3-4-1996, புதன்

இன்று ருசி பார்த்தோம். ஏழாம் நம்பரில் நுரைத்த முதல் பேல் ஏல், மொத்தமே பத்து லிட்டர்.

கிளாஸில் ஊற்றியதும் வைக்கோல் நிறம், கொஞ்சம் கலங்கல். முகர்ந்தால் கொய்யா, பன்னீர் திராட்சை. அதற்குப் பின்னால் மழை பெய்த மாட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகை வாசனைக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். ரோஹன் கண்ணை மூடி, "அதுதாங்க. அதேதான்" என்றார். முதல் வாயில் லேசான புளிப்பு. பிறகு ஹாப்ஸ் பூவின் கசப்பு மெதுவாக வந்தது. வந்தது போகவில்லை. அரை நிமிஷம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. மூன்று வருடமாக நான் குடித்துத் துப்பியதற்கெல்லாம் பெயர் தண்ணீர்.

பிரான்சிஸ் அண்ணன் ஒரு கிளாஸ் முழுசாகக் குடித்துவிட்டு, "வேப்பங்கொழுந்த மென்னுட்டுக் கொய்யாக்கா கடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். இதைவிடச் சரியாக நானும் சொல்ல மாட்டேன்.

ரோஹன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மே பத்து, வெள்ளிக்கிழமை பெரிய தொட்டியில போடறோம். சக்ஸஸ் ஆச்சுன்னா நீங்கதான் ப்ரூவர், பொற்கொடி. ஆர்டர் டைப் பண்ணச் சொல்லிட்டேன்."

ஏலக்காய் போட மறந்துவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து, பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் போட்டேன்.

19-4-1996

கரண்ட் கட்டில் லேப் ஃபிரிட்ஜ் இரண்டு நாள் ஓடவில்லை. ஏழாம் குழாயில் பூசணம். உயிர் போய் வந்தது. நல்லவேளை, முதல் பேல் ஏலின் வண்டலில் அது உயிரோடு இருந்தது. அதிலிருந்து புதிதாக இரண்டு குழாய் எடுத்தேன். ஒன்றிலிருந்து, முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு ஊட்டி, பெரிய தொட்டிக்கான ஈஸ்ட் விதை வளர்க்க ஆரம்பித்துவிட்டேன். இன்னொன்றை யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, இட்லி மாவு வைக்கும் ஃபிரிட்ஜில் வைத்தேன். "தொடாதேம்மா" என்றேன். "உம்பட பூச்சிய நான் ஏந் தொடறேன்" என்றாள்.

6-5-1996

விதை இருபது லிட்டர் ஆகிவிட்டது. லேபில் அத்தனை பெரிய பாத்திரம் இல்லை. பம்பாயில் ஆர்டர் கொடுத்த பாத்திரம் இன்னும் வரவில்லை. அம்மா கடையின் எவர்சில்வர் சாம்பார் கேனைக் கேட்டேன். புதுசு, பொங்கலுக்கு வாங்கியது. மூன்று முறை ஆவியில் வேகவைத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, விதையை மாற்றினேன். மூடியில் பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாய் அம்மா பெயரையும் ஊரையும் வெட்டியிருக்கிறார்: சு. மாசாணியம்மாள், கணபதி.

அந்தப் பெயரை மறைக்க ஒரு காகிதம் ஒட்டலாமா என்று யோசித்தேன். யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது. ஒட்டவில்லை.

10-5-1996, வெள்ளி

தொட்டிக்குப் பூஜை. லட்சுமியம்மாள் வந்திருந்தார். நல்ல மனுஷி மாதிரிதான் பேசினார். கேன் மூடியைப் பார்த்தார். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏங்கண்ணு, நீ நம்ம தோட்டத்து மாசாணி புள்ளையா?"

"ஆமாங்க."

"நல்லா வந்துட்டே. அம்மா சொகமா இருக்குறாளா?" என்றார். பிறகு, "வெளிய ஆளுங்களுக்குப் பொங்கல் குடுக்கறாங்க பாரு, நீயும் போய் வாங்கிக்க கண்ணு" என்றார்.

போனேன். ஏன் போனேன்? ப்ரூவர் ஆகப்போகிறவள், விதையை விட்டுவிட்டு மந்தார இலையில் பொங்கலுக்கு வரிசையில் நின்றேன். பெரியம்மிணி போகச் சொன்னால் கால் தானாகப் போகிறது. அம்மாவின் கால்.

திரும்பி வந்தபோது விதையைத் தொட்டியில் ஊற்றியாகிவிட்டது. வெள்ளிக் குடத்தில் மாற்றி, அவர் கையாலேயே ஊற்றினாராம். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

13-5-1996

மூன்று நாள். தொட்டியில் ஒரு குமிழி இல்லை.

14-5-1996

நுரை இல்லை. மூடியைத் திறந்தால் அழுகின முட்டைக்கோஸ் வாடை. ஆறாயிரம் லிட்டர்.

அம்மாவின் கேனை எடுத்துப் பார்த்தேன். உள்ளே அடியில் மஞ்சள். விரலால் தேய்த்து முகர்ந்தேன். மஞ்சள்தான்.

பிரான்சிஸ் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ பொங்கலுக்குப் போனியாம்மா... அந்தம்மா பாய்லர் ரூம்ல இருந்து கொதிதண்ணி கொண்டாரச் சொன்னாங்க. மஞ்சளக் கலக்கி ரெண்டு சொம்பு கேனுக்குள்ளயே ஊத்துனாங்க. அப்பறம் இன்னும் ரெண்டு. சுத்தி பண்றாங்கன்னு நெனச்சேன். சாமி காரியமாச்சே, என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

கொதிக்கிற தண்ணீர். உயிருள்ள விதையில். எங்கள் வீட்டுப் பாத்திரம் என்பதால்.

ஐயோ – அத்தனை நாள் அதைக் கைக்குழந்தை மாதிரி – சூடு பார்த்து, பால் ஊத்தற மாதிரி மால்ட்டு ஊத்தி – கொன்னுபோட்டுச்சே அந்தப் பொம்பளை. சிரிச்சுக்கிட்டே கொன்னுபோட்டுச்சே.

15-5-1996

ரோஹனிடம் கேனைக் காட்டினேன். உள்ளே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, பெல்ஜியத்தில் படித்தவராயிற்றே. கேனை மூடிவைத்தார். பிறகு, "அம்மாவை இதுல இழுக்க வேண்டாங்க, பொற்கொடி. அவங்க பழைய காலத்து ஆளு. மனசுல ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

மனசில் ஒன்றும் இல்லாமல்தான் இரண்டு சொம்புக்குப் பிறகு இன்னும் இரண்டு ஊற்றினார்கள் போலிருக்கிறது.

"அந்த ஈஸ்ட் இன்னொண்ணு இருக்குமில்ல? மறுபடி வளத்திரலாம்."

"தேடிப் பாக்கறேனுங்க" என்றேன்.

20-5-1996

அறிக்கை வந்தது. 'ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் ஈஸ்ட் கெட்டுவிட்டது.' கீழே ரோஹன் கையெழுத்து. அறிக்கை பெற்றதாக நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

போட்டேன். பக்கத்திலேயே ராஜினாமாவையும் எழுதிக் கொடுத்தேன். சாம்பார் கேனை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ருசி பார்ப்பதையும். அதற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புளி போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் போன பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

30-6-1996

பிரான்சிஸ் அண்ணன் கடைக்கு வந்து நான்கு இட்லி சாப்பிட்டார். ஃபேக்டரி கதை சொன்னார். ரோஹன் கிணற்றோரப் பந்தல் பழம் வேண்டுமென்று சொல்லியனுப்பினாராம். சின்ன முதலாளிக்கு என்பதால் ராசப்பன் ஒவ்வொரு பழமாக மஞ்சள் தண்ணீரில் கழுவி, வேட்டித் துணியில் துடைத்து, பளபளவென்று கூடையில் அனுப்பினாராம். ஒரு குழாயிலும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் முறை கழுவாமல் அனுப்பச் சொன்னார்கள். நகப்பாலிஷ் நாற்றம்தான் கிடைத்ததாம்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

18-8-1996, ஞாயிறு

ரோஹன் கணபதிக்கே வந்துவிட்டார். கார் எங்கள் சந்தில் நுழையவில்லை, நடந்து வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

பெங்களூர்க்காரர்கள் அந்த முதல் பத்து லிட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்திருக்கிறார்கள். அதே ருசி வேண்டுமாம். உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ப்ரூவர் ஆர்டர். என் பெயர், என் டிகிரி, எல்லாம் சரியாக டைப் அடித்திருந்தது.

"அந்த அறிக்கை?"

"அது ஃபைல்ல இருக்கட்டுங்க. யார் பாக்கப்போறா? உங்ககிட்ட ஏழாம் நம்பர் இருக்குதுன்னு எனக்குத் தெரியும், பொற்கொடி. உங்கள மாதிரி ஆளு ஒரே குழாயை நம்பி இருக்க மாட்டீங்க."

சரியாகத்தான் கணித்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடியில் ஃபிரிட்ஜ். கை நீட்டினால் வேலை, கதவில் பெயர்ப்பலகை. 'இருக்குதுங்க' என்று வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் டம்ளரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். வாய்வரை நிறைந்த தண்ணீர், கொடுத்தது கொடுத்தபடி.

"இல்லீங்க சார். கழுவிப்போட்டோமுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அவர் போன பிறகு குனிந்து டம்ளரை எடுத்து, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள்.

19-8-1996

தூங்கவில்லை. அந்த ஆர்டரை வாங்கியிருக்கலாமோ? அம்மாவின் கேன் பட்ட பாட்டுக்கு நானே ஒரு தொட்டியை ஆண்டிருக்கலாமே. வீம்பு என்ன சோறு போடும்? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கசப்பு மட்டும் நாக்கில் இருக்கிறது.

11-1-1997, சனி

ஈரோடு. இங்கே சேர்ந்து இரண்டு மாதம். வேலை கிடைத்ததும் எங்கே, மஞ்சள் கம்பெனி லேபில்! மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு. காற்றே மஞ்சள். கோட்டு, நகம், தலையணை உறை எல்லாம் மஞ்சள். முதல் வாரம் அந்த வாடையில் சோறு இறங்கவில்லை. லட்சுமியம்மாள் எனக்குச் சாபம் கொடுத்திருந்தால்கூட இத்தனை பொருத்தமாக அமைந்திருக்காது.

மஞ்சள் எந்தக் கிருமியைக் கொல்லும் என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. அதனால் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்த ஏழாம் நம்பர் குழாயைக் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் இரண்டு குடுவையில் மால்ட் சாறும் ஹாப்ஸும் போட்டேன். இரண்டிலும் ஏழாம் நம்பர். ஒன்றில் கொதிக்கும் மஞ்சள் தண்ணீர். இன்னொன்றில் அதே மஞ்சள், அதே அளவு, ஆறவைத்தது.

கொதித்தது செத்துவிட்டது. ஆறியது மூன்றாம் நாள் நுரை கட்டி, குடுவை வாயில் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. மஞ்சள் அதை ஒன்றும் செய்யவில்லை.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கொய்யா இருக்கிறது, கொட்டகை வாசனை இருக்கிறது. கசப்பு அப்படியே இருக்கிறது. துப்பவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் கணபதிக்குப் போகிறேன். ஏலக்காய் வாங்கவில்லை.