புரட்டாசிச் சனியில் பட்டை வாசனை

செப்டம்பர் 22, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டே இருந்தது. திருமலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி. ரேவதியின் எடை மறுபடி இறங்கியிருக்கிறது. மூன்றாம் மாதம். டாக்டரம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னார்: "அடுத்த திங்கள் வரைக்கும் பாப்போம். அப்பவும் இறங்கினா சேத்துடலாம். டிரிப்ஸ் போடணும்." ரே. ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிற பிள்ளை. எனக்கும் பயம்தான். அவளிடம் காட்டவில்லை. காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவளுக்கு ஆகாதவை: எண்ணெய் காயும் வாசனை. தாளிப்பு. சோறு கொதிக்கிற ஆவி. காபி. என் தலை எண்ணெய். என் சட்டை (நான் வேலை செய்கிற லாட்ஜின் நாற்றமாம், வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மாடிப் போர்ஷன் என்பதால் மானம் தப்பியது).

ஆகிறவை: உப்பு போட்ட மோர், அரை டம்ளர். ரஸ்க் ஒன்று, அதுவும் அவள் மனசு வைத்தால்.

வாயில் எதுவும் வைக்க முடியாதவள் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள், சத்தத்தை அணைத்துவிட்டு. சாயந்திரம் போனை என் பக்கம் நீட்டினாள். சின்னச் சின்ன மாவு உருண்டைகள். ஏர் ஃப்ரையரில் சுட்டு, சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்டி, தட்டில் குவித்து வைத்திருந்தார்கள். எண்ணெய்ச் சட்டியே இல்லை.

"இது இன்னா வாசனை அடிக்கும்ங்க?" என்றாள்.

மூன்று வாரத்தில் அவளாக ஒரு தின்பண்டத்தைப் பற்றிக் கேட்டது இதுதான். "செஞ்சா தெரிஞ்சிட்டு போவுது" என்றேன், பெரிய சமையல்காரன் மாதிரி. எனக்கு வெந்நீர் வைக்கவே பாதிதான் தெரியும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெயில். பீரோ மேலிருந்து ஏர் ஃப்ரையர் இறக்கம். ரே.யின் அண்ணன் கஜா, சித்தூரில் செல்போன் கடை வைத்திருப்பவர், நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது கொடுத்தது. பிரிக்கவே இல்லை. காரணம் பெட்டியின் மேல் இருக்கிற படம்: பொன்னிறத்தில் ஒரு கோழிக்கால். கீழ் வீட்டு ஓனரம்மா வீடு கொடுக்கும்போதே சொன்ன ஒரே கண்டிஷன், கறி, மீன், முட்டை எதுவும் உள்ளே வரக்கூடாது. அந்தக் காலுக்குப் பயந்து பெட்டியைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தோம்.

இன்று மிஷினை வெளியே எடுத்தாயிற்று. காலிப் பெட்டி மாடிப்படிக்கு அடியில், பழைய பேப்பர்காரருக்கு.

மச்சானுக்குப் போன் போட்டு, இதில் தண்ணீர் எங்கே ஊற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"தண்ணியா? மாப்ள, அது இன்னா ஏர் கூலரா?"

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. போகட்டும்.

மாவு: லாட்ஜுக்குப் பக்கத்து ஓட்டல் பரோட்டா மாஸ்டரிடம் இரண்டு உருண்டை வாங்கினேன். "மாஸ்டர், முட்டை போட்டுக் கீறீங்களா?"

"பெரட்டாசியில முட்டை போட்டா எவன்பா துன்னுவான்? வெறும் மைதாதான், எடுத்துக்கினு போ."

கிள்ளி உருட்டி உள்ளே வைத்தேன். கோலிக்குண்டாக வந்தது. ஒன்றைக் கடிக்கப் பார்த்து, பல் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டேன். மாவில் ஊறியிருந்த எண்ணெய் சூட்டில் வாசனை கிளப்ப, ரே. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

தோல்வி. உருண்டைகளைக் காக்காய்க்குப் போட்டேன். காக்காயும் யோசித்தது.

செப்டம்பர் 24, புதன்

பிரம்மோற்சவம் ஆரம்பம். கவுண்டரில் மூச்சு விட நேரமில்லை. "ரூமு லேதன்டே எலாகண்டி, பில்லலு உன்னாரு!" ரூம் இல்லையென்றால் எப்படி, பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஒருவர். "அண்ணே, சாமி பாக்க எவ்ளோ நேரமாவும்?" சாமியைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடுத்தவருக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பும்போது மளிகைக் கடையில் பட்டை கேட்டேன். கடைக்காரர் கண்ணடித்தார். "பெரட்டாசி மாசத்துல பட்டையா? இன்னா சார், பிரியாணி நடக்குதா வூட்ல?"

சர்க்கரையில் போட என்றேன். நம்பவில்லை. குற்றமும் சொல்ல முடியாது. இந்த ஊரில் பட்டை வாசனை வந்தால் பின்னாலேயே கறி வரும். அதைச் சர்க்கரையில் போடுவேன் என்று ஒருவன் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

ரே. இன்று மோர் மட்டும். அதுவும் தங்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

சாயந்திரம் ஒரு தூறல். பட்டையை மிக்ஸியில் அரைத்தேன். அந்த ஜாரில்தான் போன மாசம் மிளகாய் அரைத்தது என்பது மூடியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்பது தும்மல். கண்ணைத் துடைக்கப் போய், அதே கையால் துடைத்து, குழாயடியில் குதித்தேன்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம். வாந்தி என்று பதறிப் போய்ப் பார்த்தால் ரே. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "அய்யே, போதும்ங்க. உங்களுக்கே டிரிப்ஸ் போட வெச்சிடப் போறீங்க."

எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! கண் எரிந்தால் எரியட்டும்.

நகரியிலிருந்து நைனா போன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "கரண்டி புட்சிக்கினு கீறியாமே?" மச்சான் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 26, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

காலை டிபன். தள்ளுவண்டியில் வழக்கம்போல மைசூர் போண்டா. பிய்த்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி, ஓட்டை ஓட்டையாக. வீடியோவில் அந்தப் பெண் பிய்த்துக் காட்டியதும் இப்படித்தானே இருந்தது? வண்டிக்கார அம்மாவிடம் மாவில் என்ன சேர்க்கிறார் என்று கேட்டேன்.

"ஏமுந்தி பாபு, மைதா, புல்லட்டி பெருகு, சோடா. அந்தே!"

மைதா, புளித்த தயிர், சோடா. அவ்வளவுதான். பத்து வருஷமாகத் தின்கிறேன். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்திருக்கிறேன். கையில் உருட்டுகிற அளவுக்குக் கெட்டியாகப் பிசைந்துகொண்டால் வேலை முடிந்தது.

தயிரை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், புளிக்கட்டும். ஜாரை மூன்று தடவை கழுவி வேறு பட்டை அரைத்தாயிற்று. ரே. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். வாசனைக்குக் கொஞ்சம் போட்டால் ஒன்றும் இல்லையாம்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசிச் சனி. நாளை கருட சேவை, லாட்ஜ் நிரம்பி வழிகிறது. மானேஜரிடம் பொய் சொல்லாமல் உண்மையைச் சொல்லி மத்தியானம் வந்துவிட்டேன். "பார்யகு வேவில்லு", மனைவிக்கு மசக்கை, என்றதும் எழுந்து நின்றே அனுப்பினார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

மைதா, தயிர், சோடா, உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை. கையெல்லாம் ஒட்டியது. மேலே மாவு தூவினேன், அடங்கியது. நெல்லிக்காய் அளவு கிள்ளி, மேலே வெண்ணெய் லேசாகத் தடவி உள்ளே வைத்தேன். நூற்றெண்பது சூடு. ஏழு நிமிஷம். ரே. பயத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

உப்பி, பொன்னிறமாக வந்தன. சூட்டோடு பட்டைச் சர்க்கரையில் போட்டுக் குலுக்கினேன். வீடு முழுக்க வாசனை. கதவு திறந்தது. நான் கூப்பிடவில்லை.

"இன்னாங்க இது, இவ்ளோ நல்லா கீது!"

நின்றபடியே ஒன்றை வாயில் போட்டாள். "ஸ்ஸ், சுடுது." மென்றாள். முழுங்கினாள். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நான் பாத்ரூம் கதவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை எடுத்தாள்.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். ஓனரம்மா. குளித்து, பெரிய நாமம் வைத்து, கையில் ஒரு அட்டைப் பெட்டி. கோழிக்கால் படம் வெளியே தெரிகிற மாதிரி பிடித்திருந்தார்.

"ஏமய்யா! சனிவாரம் நாடு ஈ மசாலா வாசன ஏன்டி? இதி கோடி மிஷின் கதா, கோழி சுடற மிஷின்தானே? நான் சொல்லித்தானே வீடு குடுத்தேன்?"

"காதம்மா, கோடி காது, இதி... இதி போண்டா" என்றேன், கோழி இல்லையம்மா என்று. அவசரத்துக்கு என் தெலுங்கு எப்போதும் காலை வாரிவிடும்.

"போண்டாலோ பட்டை எவரு வேஸ்தாரு?"

போண்டாவில் பட்டையை யார் போடுவார்கள்? நியாயமான கேள்வி.

ரே. என் பின்னாலிருந்து முன்னே வந்தாள். கன்னம் உப்பியிருந்தது, உதட்டில் சர்க்கரை. எனக்காகப் பேச வந்தவள் வாய் நிறைய இருந்ததால் பேச முடியாமல் கையை ஆட்டினாள். ஓனரம்மா அவள் வாயையே பார்த்தார். மூன்று வாரமாக இவள் வாந்தியெடுக்கிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத்தானே.

"தின்டுன்னாவா? சாப்பிடறியா?"

ரே. தலையாட்டினாள்.

"உள்ள நிக்குதா?"

மறுபடி தலையாட்டினாள். ஓனரம்மா பெட்டியைக் கீழே போட்டார். "கோவிந்தா! கோவிந்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரே.யின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துச் சொடுக்கினார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை, விளக்கேற்றவில்லை, சாமிக்குப் படைக்கவில்லை, அதற்குள் தின்ன வைத்துவிட்டேன். அசடு வழியச் சொன்னேன்.

"கடுப்புல உன்ன சாமிக்கி முந்து பெட்டேசாவு, சாலு" என்றார். வயிற்றில் இருக்கிற சாமிக்கு முதலில் வைத்துவிட்டாயே, போதும். அவருக்கு விரதம், பூஜை முடிகிறவரை பல்லில் படாது. கிண்ணத்தில் ஆறு வாங்கிக்கொண்டு போனார். மிச்சத்தை ரே. முடித்தாள்.

நான் ஒன்றுகூட ருசி பார்க்கவில்லை என்பது தட்டைக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

பொழுது சாய்ந்து கிண்ணம் திரும்பி வந்தது. வெறும் கிண்ணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள் அல்லவா, நிறையப் புளித்த தயிர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கருட சேவை. காலையில் லாட்ஜுக்குப் போனவன் இருட்டிய பிறகுதான் வந்தேன். கால் இரண்டும் கட்டை. ஓனரம்மா மேலே வந்து மாவு பிசைந்து கொடுத்தாராம். எனக்கு எடுத்து வைத்திருந்ததை ரே. "ஆறிப்போவுதேன்னு" தின்றுவிட்டாளாம். நல்லது. மிக நல்லது.

செப்டம்பர் 29, திங்கள்

மழை, வெளுத்து வாங்கியது. ஆஸ்பத்திரி. ரே. எடை மிஷினில் ஏறும்போது நான் சுவரில் இருந்த குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கோவிந்தா கோவிந்தா என்று.

ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். ஏறியிருக்கிறது!

"பரவால்லயே. இன்னா சாப்பிட்ட?" டாக்டரம்மா.

"போண்டா மேடம். பட்டை போட்டது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எடை மிஷினைப் பார்த்தேன். சேர்க்க வேண்டாம் என்றார். அதையே தின்றுகொண்டிருக்காமல் பருப்பு, பழம் என்று மெல்ல ஆரம்பிக்க வேண்டுமாம். வரும்போது ரே. ஆட்டோவில் வாய் மூடவே இல்லை. வழியில் வாழைப்பழம் ஒன்று உரித்துத் தின்றாள். தங்கிவிட்டது.

மச்சானுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "தண்ணி ஊத்தினியா மாப்ள?" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கூட்டம் குறையவில்லை. ஒரு பெரியவர் ரூம் சாவியைத் திருமலையிலேயே தொலைத்துவிட்டு வந்தார். மிக்ஸிக்குப் புது ஜார் விசாரிக்க வேண்டும். பேப்பர்காரர் கோழிக்கால் பெட்டியை எடுத்துப் போயாயிற்று.

சாயந்திரம் பசியோடு படியேறினேன். சட்டையைக் கழற்றப் போனேன். "பரவால்ல, வாங்க" என்றாள். சட்டையோடே உள்ளே போனேன்.

"இன்னிக்கி நானே செஞ்சேன். உங்களுக்குன்னு நாலு டப்பாவுல போட்டு வெச்சிக்கீறேன்."

திறந்தேன். டப்பாவில் சர்க்கரை மட்டும் ஒட்டியிருந்தது.

எட்டிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் வயிற்றில் கையை வைத்து, என்னிடம் இல்லை, அதனிடம் சொன்னாள்:

"பாவம்டா, நைனாவுக்கு இன்னிக்கும் இல்ல."

நைனா. என்னைத்தான்.

டப்பாவை விரலால் வழித்து நக்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது.