மலையோரம் விழுந்த ஆறு

ராக்டேல்
பிப்ரவரி 11, 2019

அன்புள்ள நெவிலுக்கு,

அன்றைக்கு, பொம்மைப் போர் இறுதியாட்டத்தில், அந்த மேசையருகே இருந்தவர்கள்: கார்த்தேஜ் படையோடு என் வீட்டுக்காரர் வில்ஃப், எதிரே ரோமானியப் படையோடு கிளிஃபர்ட் ஆக்டன், இருவருக்கும் நடுவே அம்பயராக நீ. பத்தடி தள்ளி, தேநீர்க் கவுண்டரில் ஐரீன் என்ட்விசில். அவளுக்கு முன்னால் இரண்டு காலிக் கோப்பைகளோடு நான். வேறு யாரும் கிடையாது. மற்ற மேசைகளில் ஆட்டம் முடிந்து, எல்லோரும் பழைய பொம்மைப் படைகளை விற்கிற மூலையில் ஈ மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்குப் போனவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஞாபகத்தில் இருக்காது.

பொம்மைப் போர் விழாவுக்கு இது நாற்பதாவது வருஷம், வில்ஃபின் யானைகளைக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சந்தோஷம். அந்த ஐந்து ஈய யானைகளும் பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றி அப்படியே இருக்கின்றன. ஒரு குளிர்காலம் பூராவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வர்ணம் பூசினோம். உடம்பு அவர், கண் நான். அவருக்குக் கண் வராது. அவர் வரைந்தால் யானை வயிற்றுவலி வந்ததுபோல முழிக்கும்.

அந்தக் கடைசிச் சுற்றை மறந்திருக்க மாட்டாய். யானை ரோமானியத் தளபதியை முட்டுகிறது. ஆறு விழுந்தால் வெற்றிக்கோப்பை எங்களுக்கு. ஆறுதான் விழுந்தது. ஆனால் தெர்மோகோல் மலையின் ஓரத்தில் பகடை சாய்ந்து நின்றதென்று கிளிஃபர்ட் அதைக் கையில் எடுத்துவிட்டான். சாய்ந்த பகடை செல்லாது, எடுத்த பகடையைத் திரும்ப வைக்கவும் முடியாது. வில்ஃப் மறுபடி உருட்டினார், ஒன்று. யானை மிரண்டு திரும்பி எங்கள் ஆட்களையே மிதித்தது. நான் தேநீரோடு திரும்பி வருவதற்குள் கதை முடிந்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில், வில்ஃப் வந்து சேர்வதற்கு முன்னால், நீதான் எனக்கு இதையெல்லாம் சொன்னாய். வில்ஃப் வாயைத் திறக்கவில்லை. வீடு வந்து எத்தனையோ தடவை கேட்டேன். "விடு எட்னா, டீயக் குடி" என்பார்.

அந்த வாரமே கிளப்பில் அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள், 'சாஞ்ச பகடை வில்ஃப்' என்று. சாய்ந்து கிடந்ததை ஆறு என்று சாதிக்கப் பார்த்தாராம். அவர் உட்கார்ந்தால் போதும், "ஏய், மேசை மட்டமா இருக்கா பாத்துக்கோங்கப்பா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். சீட்டு விளையாட்டில்கூட எனக்கு விட்டுக்கொடுக்காத, என்னை ஏமாற்றவும் தெரியாத மனுஷர். மூன்று மாதம் சிரித்துச் சமாளித்தார். பிறகு யானைகளை டின்னில் போட்டு மூடினார். சாகிறவரை திறக்கவில்லை.

யானைகளைத் தருகிறேன். நானே கொண்டுவருவேன். கிளிஃபர்ட் வருவானா? அதை மட்டும் எழுது.

உன் முழங்கால் எப்படி? களிம்பு தடவுகிறாயா?

அன்புடன்,
எட்னா க்ராஷா


சவுத்போர்ட்
பிப்ரவரி 20, 2019

அன்பு எட்னாவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம், கூடவே கொஞ்சம் வருத்தமும். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கேக்கில் கடைசித் துண்டை நேற்றுதான் சாப்பிட்டேன். உன் கைப்பக்குவம் இந்த ஊர்க் கடை எதிலும் கிடையாது. முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது. இங்கே வெயில் குறைவு என்பதால் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிளிஃபர்ட் சனிக்கிழமை வருவான் என்று கேள்வி. பாவம், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். எதை எதோடு சேர்த்துப் பேசுகிறான் என்று அவனுக்கே தெரிவதில்லை. ஆகையால் நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது. கூட்டமும் குறைவாக இருக்கும், பரிசளிப்பும் பார்க்கலாம். யானைகளை மட்டும் முன்னாலேயே நான் ரயிலில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வில்ஃபே மறந்துவிட்டுப் போன ஒன்றை நீ ஏன் சுமக்க வேண்டும்? மறப்போம், மன்னிப்போம்.

என்றும் உன் நண்பன்,
நெவில்


ராக்டேல்
பிப்ரவரி 24, 2019

அன்புள்ள நெவிலுக்கு,

வில்ஃப் மறந்தார் என்று உனக்கு யார் சொன்னது?

ரயிலேறி வர வேண்டாம். யானை வாங்க ராக்டேல் வரை வருகிற இந்த முழங்கால்தான் வில்ஃபின் அடக்கத்துக்கு வர முடியாமல் படுத்துக்கொண்டதா? உன் மலர்வளையம் வந்தது. லில்லிப் பூ. அவருக்கு லில்லி வாசனை ஆகாது என்று உனக்குத் தெரியும், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நீ. கிளிஃபர்ட் வந்திருந்தான். கடைசி வரிசையில் நின்றான். வெளியே வரும்போது கையை நீட்டினான். நான் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டேன்.

சனிக்கிழமையே வருகிறேன். அவன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். குழறினாலும் பரவாயில்லை. நான் மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டசைவைப் பார்த்தே பேச்சுப் புரிந்துகொண்டவள்.

அன்புடன்,
எட்னா


ராக்டேல்
மார்ச் 18, 2019

நெவிலுக்கு,

சனிக்கிழமை நீ என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மண்டபத்தில் அதே வாசனை. ஈரக் கோட்டு, பசை, பன்றி வறுவல் வைத்த ரொட்டி. ஒரு மூலையில் நெப்போலியன் காலத்துக் குதிரைப்படைக்காக இரண்டு தாத்தாக்கள் அரை அங்குலத்துக்குச் சண்டை. "உன் டேப்பு லூசா இருக்குடா!" "உன் கண்ணுதான்டா லூசு!" ஒரு நிமிஷம் வில்ஃப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் கிளிஃபர்ட். காலையில் நான் கொண்டுவந்து வைத்த யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான்.

"கண்ணு நீங்க வரைஞ்சதுதானே, மிஸஸ் க்ராஷா?"

"ஆமா. நீ பகடையத் தூக்கினத அந்தக் கண்ணு பாத்துச்சு. நான் பாக்கல. எதுக்குத் தூக்கினே?"

"நான் தூக்கினேனா? யாரு சொன்னா?"

சொன்னேன். அவன் வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பகடை தட்டையாத்தான் கெடந்துச்சு. ஆறு. 'வில்ஃப், ஜெயிச்சிட்டீங்க'ன்னு நாந்தான் சொன்னேன். என் வாய் மூடல, நெவில் 'சாஞ்சிருக்கு'ன்னு எடுத்துட்டாரு. அவரு நின்ன பக்கம் மலை மறைச்சிருக்கும்."

"அம்பயர் கேக்காமத் தொடலாமா?"

"தொடவே கூடாது. ரெண்டு பேரும் பாத்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற மொதப் பாடமே அதான்."

"நீ சண்ட போட்டிருக்கலாமில்ல?"

"போட்டேனே. கோப்பையே வேணாம்னேன். வில்ஃப்தான், 'வாங்கிக்கோப்பா, நெவிலுக்கு இது மொத ஃபைனல், அவன் பேரு கெட்டுரும்'னாரு."

"இத்தன வருஷமா என்கிட்ட சொல்ல உனக்கு வாயில்லையா?"

"சந்தையில என்னப் பாத்தா எதிர்ச் சாரிக்குப் போயிருவீங்க. அடக்கத்தன்னிக்குக் கைய நீட்டினேன், குடைதான் விரிஞ்சுது. கோப்பைய ஜெயிச்சவன்னு கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். பகடையே என் தலையிலதான் விழுந்திருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

குழறல் என்று எழுதியிருந்தாய். மெதுவாகத்தான் பேசினான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தட்டையாக, நேராக வந்து விழுந்தது.

நீ அம்பயர் மேசையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாய். நான் திரும்பியதும் குனிந்துகொண்டாய்.

தப்பாகப் பார்ப்பது எவருக்கும் வரும். அவசரத்தில் எடுத்துவிட்டாய், அதற்காக நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். நான் கண்ணால் கண்ட எதையும் மறந்ததில்லை. காணாத அந்த ஒரு நொடியை மட்டும் நீ சொன்னபடி நம்பி, பத்திரமாக வைத்திருந்தேன். அதை வைத்து ஒரு நல்ல மனுஷனை வெறுத்தேன். என் புருஷனை ஊர் ஏமாற்றுக்காரர் என்று சிரித்தபோது, உண்மை தெரிந்த நீ அதே மேசையில் பீர் குடித்துக்கொண்டிருந்தாய்.

மே மாதம் கிளப் விருந்து. எல்லோரும் இருப்பார்கள், அந்தப் பேர் வைத்தவர்களும் இருப்பார்கள். எழுந்து இரண்டே வாக்கியம் சொல். "வில்ஃபின் ஆறு ஆறுதான். பகடையை எடுத்தது நான்." சொல்லிவிட்டால் வழக்கம்போல் கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

எட்னா க்ராஷா


சவுத்போர்ட்
ஏப்ரல் 9, 2019

அன்பு எட்னா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போட வேண்டும்.

நான் நின்ற இடத்திலிருந்து அது சாய்ந்துதான் இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் சாய்ந்துதான் தெரிகிறது. எடுத்த பிறகுதான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். பகடை என் கைக்குள் இருந்தது. என்ன செய்வது? திரும்ப வைக்க முடியாதே.

கார் நிறுத்துமிடத்தில் நீ "எவன் எடுத்தது?" என்று கேட்டாயே, அந்தக் குரலுக்குப் பயந்து கிளிஃபர்ட் என்று வாயில் வந்துவிட்டது. காலையில் வந்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் வில்ஃப் போன் செய்து, "அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே, உன்னைக் கொன்னுருவா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதோடு நின்றுபோயிற்று. பிறகு ஒவ்வொரு வருஷமும் உன் கேக் வரும். சொன்னால் அது நின்றுவிடும். கேக்கைச் சொல்லவில்லை, உனக்குப் புரியும். எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த விருந்தில் எனக்கு ஆயுள்கால அம்பயர் என்று கௌரவம் செய்கிறார்கள். அன்றைக்குப் போய் இதைச் சொன்னால், நான் இத்தனை காலம் சொன்ன ஒவ்வொரு தீர்ப்பையும் கிளறுவார்கள். வில்ஃப் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வான். உன்னிடம் தனியாக, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறேன், இந்த முழங்காலோடு. அது போதாதா, எட்னா?

உன்,
நெவில்


ராக்டேல்
மே 20, 2019

நெவில்,

விருந்துக்கு நானும் வந்திருந்தேன். ஐரீனின் மகன் காரில் கூட்டிவந்தான். தூண் பக்கம் உட்கார்ந்தோம். நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பாயோ என்னவோ.

உனக்குப் பித்தளைப் பகடை கொடுத்தார்கள். எழுந்து நன்றி சொன்னாய். நான் மேசை விரிப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, இதோ இப்போது, இதோ இப்போது என்று காத்திருந்தேன். வில்ஃப் பேரும் வந்தது. "வில்ஃப் க்ராஷா மாதிரி அழகாத் தோக்கத் தெரிஞ்சவங்க இப்ப யாரு இருக்கா?" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் கிளிஃபர்ட் தடியால் மேசையைத் தட்டினான். நான் அவனிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னான்: "வில்ஃப் தோக்கல. ஆறு விழுந்துச்சு, தட்டையா விழுந்துச்சு. தோத்தது நான். கோப்பை என் வீட்ல தப்பா இருக்கு." எல்லோரும் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தலையசைப்பு போதும், நெவில். அதற்கு முழங்காலும் வேண்டாம், மண்டியும் வேண்டாம். நீ தட்டில் இருந்த புட்டிங்கைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாய். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், பக்கவாதத்துக்கு அப்புறம் இப்படித்தான்" என்றாய். தறிச் சத்தத்தில் உதடு படித்தவள் நான் என்று உனக்கு எழுதியிருந்தேனே.

ஐந்து யானைகளையும் கிளிஃபர்டிடம் கொடுத்துவிட்டேன். அவன் கோப்பையை என்னிடம் கொடுத்தான். அது இப்போது வில்ஃபின் நாற்காலிக்கு மேலே இருக்கிறது. துடைக்க வேண்டியிருக்கிறது.

இனி எழுதாதே.

எட்னா க்ராஷா

பி.கு. அன்றைக்கு அந்த மேசையருகே இருந்தவர்களை நேற்று மறுபடி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஐரீன் தேநீரை அத்தனை மெதுவாக ஊற்றாமல் இருந்திருந்தால் நான் என் கண்ணாலேயே பார்த்திருப்பேன். போகட்டும், கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். வில்ஃபை, என்னிடம் மறைத்ததற்காக, போட்டோவைப் பார்த்து இரண்டு நாள் வாய் ஓயாமல் திட்டினேன். மூன்றாம் நாள் மன்னித்துவிட்டேன். கிளிஃபர்டிடம் மன்னிக்க எனக்கு ஒன்றுமில்லை. அவன்தான் என்னை மன்னிக்க வேண்டும், மன்னித்தும்விட்டான். மிச்சம் இருப்பது ஒரு பேர். அதை மட்டும் கல்லறை வரை கொண்டுபோவேன்.

நெவில் ஹார்க்ரீவ்ஸ்.